இருவரும் ஒருவரே

2025 பெப்ரவரி 3, திங்கள்

மகள் பாடசாலை விட்டு வந்ததும் கொப்பியை விரித்து அடுப்படி மேசையில் வைத்தாள். தரம் 8, தமிழ்ப் பாடம். இரண்டே கேள்விகள். "உமது குடும்பத்தவர் ஒருவரின் வாழ்நாளில் மிகப் பெரிய சாதனை எது? அதற்குத் துணைநின்ற நேர்மறைச் சிந்தனை யாது?" பதினேழாம் திகதி வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டுமாம்.

"மாமாவப் பத்தி எழுதேன். கட்டார்ல சூப்பவைசர்" என்றேன். மாமாவைப் பற்றி ஏற்கெனவே இரண்டு கட்டுரை எழுதியாயிற்றாம். "உங்களப் பத்திச் சொல்லுங்கம்மா. நம்ம லயத்துல மொத மொத ஏ.எல். பாஸ் பண்ணுனது நீங்கதானே?"

உண்மைதான். எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், உயர்தரம் தேறிய முதல் ஆள் நான். ஆனால் அது ஞாபகம் வந்தால் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமல் கம்பஸ் கிடைக்காததும் கூடவே வந்துவிடும். சாதனை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வாயில் வந்தது வேறு.

"அம்மாயியோட ஈ.பி.எப். காச எடுத்துக் குடுத்தது." அம்மாயி என்பது என் அம்மா. ஈ.பி.எப். என்பது தேயிலைத் தோட்டத்துச் சம்பளத்தில் அவளுக்குச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதி.

அவள் பேனையை மூடிவிட்டாள். "அது சாதனையாம்மா? அது ஒபிஸ் வேல."

ரொட்டி ஒரு பக்கம் கருகிப்போனது.

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம், கடை பூட்டு. நான் வேலை செய்வது ஹட்டன் பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமியூனிகேஷன் கடையில். போட்டோ கொப்பி, லெமினேட்டிங், பாஸ்போட் அளவுப் படம் என்று போர்டில் பெரிதாக எழுதியிருக்கும். அடியில் சின்ன எழுத்தில் "படிவங்கள் நிரப்பித் தரப்படும்". கூட்டம் வருவது அந்தச் சின்ன எழுத்துக்குத்தான். சிங்களத்தில் வந்த கடிதத்தை நீட்டி "இதுல என்னா தங்கச்சி சொல்லியிருக்கு?" என்று கேட்பார்கள்.

தொலைக்காட்சியில் அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்தாள். 1948இல் இதே நாளில் இலங்கைக்குச் சுதந்திரம். அந்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் வந்து, இந்திய வம்சாவளியான எங்கள் தாத்தாவை எந்த நாட்டுக்கும் ஆகாதவராக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாட்டுப் பிரதமர்களும் பிரித்துக்கொண்டார்கள். தாத்தாவின் அண்ணன் கப்பல் ஏறிவிட்டார். தாத்தா எந்தக் கணக்கில் விழுந்தார் என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது.

அம்மாவின் முதல் அடையாள அட்டை எனக்கு நல்ல ஞாபகம். இலக்கத்தின் கடைசியில் ஓர் எழுத்து வரும். வி என்றால் வாக்காளர். அம்மாவுடையது எக்ஸ். சின்ன வயதில் நான் அதைப் பிழை போட்ட குறி என்றே நினைத்திருந்தேன்.

2025 பெப்ரவரி 6, வியாழன்

மகள் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. சரி, எனக்காவது தெளிவாகட்டும் என்று கதையை இங்கே எழுதி வைக்கிறேன்.

அம்மா பதினைந்து வயதில் பேர் பதிந்து, ஐம்பத்தைந்தில் நின்றாள். பெண்கள் ஐம்பதிலேயே ஈ.பி.எப். எடுக்கலாம், அவள் அதற்கு மேலும் ஐந்து வருடம் கூடை தூக்கினாள். சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு அவளுடையது, பன்னிரண்டு தோட்டத்துடையது. நாற்பது வருடம் சேர்ந்த காசு. 2011இல் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். மகள் அப்போது என் வயிற்றில்.

படிவம் திரும்பி வந்தது. செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்கள் பதிவேட்டில், அம்மாவின் பெயர் 'ஆயி' என்று முடிகிறது, அடையாள அட்டையில் 'அம்மா' என்று. எங்கள் காதுக்கு இரண்டும் ஒரே மாரியாத்தாதான். காகிதத்தில் அவர்கள் இரண்டு பொம்பளைகள்.

பிழை ஒரே நாளில் வந்ததல்ல. அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது தோட்டம் வெள்ளைக்காரக் கம்பனியிடம். 1975இல் அரசாங்கத்துக்குப் போனது, 1992இல் திரும்பக் கம்பனிக்கு. கை மாறும்போதெல்லாம் பேரேட்டைப் புதிதாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒருவர் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுத, அடுத்தவர் அதைச் சிங்களத்தில் எழுத, அதை இன்னொருவர் தமிழாக்க, அம்மா பாவம் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

பிறந்த திகதியும் இடித்தது. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அதோடு ஐந்நூறைக் கூட்டுவார்கள். அம்மாவுக்கு 501, அதாவது ஜனவரி ஒன்று. கடைக்கு வரும் கிழவிகள் அட்டையை நீட்டும்போது நான் முதலில் பார்ப்பது அந்த மூன்று இலக்கத்தைத்தான். எத்தனை 501! பிறந்த நாள் தெரியாதவர்களையெல்லாம் புது வருடத்தன்று பிறக்க வைத்திருக்கிறார்கள்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

காலை பதினொன்றரை போல கரண்ட் போனது. ஹட்டனில் மட்டும் என்று நினைத்தால் நாடு முழுக்கவாம். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம். சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், ஞாயிறு வேறு, மலையடிவாரத்து நல்லதண்ணி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் தெரு முழுக்க. கடையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. முதலாளி வாசலில் நின்று குரங்கைத் திட்டிக்கொண்டிருந்தார். இவர்தான் தினமும் விடிய முன்னம் எனக்கு வாட்ஸ்அப்பில் சூரியன் படம் போட்டு "நல்லதையே நினை, நல்லதே நடக்கும்" என்று அனுப்புகிறவர்.

அந்த வசனத்தை நான் நம்பிய காலமும் உண்டு. சத்தியக் கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் கையொப்பம் வாங்கி, "இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும்" என்ற அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். இன்றைக்கு முடிந்துவிடும் என்று அன்று முழு மனதோடு நினைத்தேன். மகளுக்கு இரண்டு வயது, இடுப்பில் இருந்தாள். ஒபிஸில் இருந்தவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெயரும் வேறு திகதியும் வேறு என்றால் ஆளும் வேறாக இருக்கலாமே என்றார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதாம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். திரும்பி வரும்போது டிக்கோயா தாண்டும் வரை அழுதேன். பக்கத்திலிருந்த சிங்கள அம்மா ஒருவர் ஒன்றும் கேட்காமல் பிள்ளையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பிறப்புச் சான்றிதழை எங்கே தேட? "நான் இந்த லயத்துலதான் பொறந்தேன்" என்று அம்மா சாதித்தாள். அந்தப் பிரிவின் பதிவுகளில் அவள் இல்லை. மூன்று தடவை தேடினோம், இல்லை. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் அந்த மஞ்சள் பைலைத் தொடவில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். விடாமல் போராடினாள் என்று மகள் எழுதிவிட்டால் அது பொய்.

மெழுகுதிரி முடியப் போகிறது. மிச்சம் பிறகு.

2025 பெப்ரவரி 10, திங்கள்

இன்றும் ஒன்றரை மணித்தியாலம் மின்வெட்டு. நேற்று வந்த கூட்டமும் இன்றைய கூட்டமும் சேர்ந்துகொண்டது. கை விரல்கள் வலிக்கின்றன. நாளைக்குத் தைப்பூசம், கோயிலுக்குப் போக அரை நாள் கேட்டிருக்கிறேன்.

2025 பெப்ரவரி 12, புதன்

போயா, பௌர்ணமி விடுமுறை. வெயில் ஊசியாகக் குத்துகிறது, நிழலில் நின்றால் குளிர். "கொழுந்து கொறவாத்தான் கெடைக்கும், ஆனா தேயிலைக்கு இப்பதான் மணம்" என்றாள் அம்மா, வாசலில் காலை நீட்டிக்கொண்டு. வேலையை விட்டுப் பதினான்கு வருடமாகியும் மலையைப் பார்த்தால் அவளுக்குக் கணக்குத்தான் வரும்.

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். 2016 கடைசியில் அம்மாவின் சித்தி முறைப் பாட்டி ஒருவர் தவறிவிட்டார். கருமாதிக்குப் பொகவந்தலாவைப் பக்கம் போனோம். அங்கே ஒரு கிழவி அம்மாவின் கன்னத்தைத் தடவி, "ஐப்பசி அடமழையில இந்தக் காம்பராவுலதானே நீ பொறந்த" என்றாள். அம்மா சிரித்தாள். எனக்குக் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பியது. தலைப்பிரசவம்! என் பாட்டி, அம்மாவின் அம்மா, பிள்ளை பெறத் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஊரில் எந்தப் பெண்ணும் செய்கிறதுதான். இத்தனை வருடமும் பாட்டியின் மாமியார் வீட்டுப் பதிவில் தேடிக்கொண்டிருந்த எனக்கு இது ஏன் தோன்றவில்லை? எனக்கே தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் ஆனது!

வீட்டுக்கு வந்ததும் பைலைத் தேடினேன். டிரங்குப் பெட்டியில் நான் வைத்த இடத்தில் இல்லை. அந்த வருடம் கூரைத் தகரம் ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. அம்மா எழுந்து அட்டலில் இருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். அவள் கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு. தேயிலைக் கறை ஏறி, ஓரம் விறைத்து, மடிப்பெல்லாம் வெளுத்த பழைய படங்கு. அதற்குள் சீனிப் பை, சீனிப் பைக்குள் பைல். ஒரு தாள் நனையவில்லை. ஒரு வருடமாக அவள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எதுக்கும் இருக்கட்டும்னு சுத்தி வச்சேன்" என்றாள்.

மகளின் இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் அந்தப் படங்குதான். ஆசிரியை ஏற்றுக்கொள்வாரா தெரியவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நீளம், ஆனால் சிக்கல் இல்லை. பதிவு கிடைத்தது. 1955, ஒக்டோபர். பெயர் 'ஆயி'. செக்ரோல்தான் சரி, அடையாள அட்டைதான் பிழை. கிராம உத்தியோகத்தர் கடிதம், தோட்டத்துக் கடிதம், திருத்திய அட்டை. புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். நடுவில் 791, ஐந்நூறைக் கழித்தால் ஒக்டோபர் நடுப்பகுதி. கடைசியில் வி, எக்ஸ் எதுவுமே கிடையாது. அம்மாவுக்கு அறுபது தாண்டிய பிறகு ஒரு பிறந்த நாள் வந்தது. இப்போது ஒவ்வொரு ஐப்பசியிலும் மகள் கேக் வெட்ட வைக்கிறாள்.

2018இல், மகள் முதலாம் ஆண்டு சேர்ந்த வருடம், கடைசிக் கையொப்பத்துக்குக் கூப்பிட்டார்கள். வரிசையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளேயிருந்து முழுப் பெயரையும், தகப்பன் பெயரோடு சேர்த்து, சத்தமாக வாசித்தார்கள். அம்மா அசையவில்லை. யாரோ ஒரு அம்மாளைக் கூப்பிடுகிறார்கள் என்று வாசலை எட்டிப் பார்த்தாள். நான் முழங்கையால் இடித்தேன். "நானா?" என்றாள். பிறகு எழுந்து, சேலையை இழுத்து விட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவள் மாதிரி வேகமாக நடந்தாள்.

காசில் கூரைத் தகரம் மாற்றினோம், அடகிலிருந்த தோடு மீண்டது. மிச்சத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

2025 பெப்ரவரி 16, ஞாயிறு

மகள் ஒருவழியாக எழுதிவிட்டாள். இந்தப் பக்கங்களைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன், அம்மாயியிடமும் தனியாக உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். கிழவி எனக்குச் சொல்லாத ஒன்றை அவளிடம் சொல்லியிருக்கிறாள். நான் வெறுங்கையோடு திரும்பி வந்த நாட்களில் "கெடச்சுதா" என்று கேட்கக் கூடாது என்று முடிவு செய்து வைத்திருந்தாளாம். "சாப்ட்டியா"தான் முதலில் கேட்கிறது. மறுநாள்தான் "அடுத்து எப்ப போவணும்?" என்று. எனக்கு அப்போது அது எரிச்சலாக இருந்தது, கரிசனை இல்லையே என்று.

அடுப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். மகள் எழுந்து நின்று, நாளைக்கு வகுப்பில் வாசிப்பது போலவே கையைக் கட்டிக்கொண்டு வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது. "எனது தாயார் ஏழு ஆண்டுகள் தளராது" என்ற இடத்தில் நிறுத்தினேன். நடுவில் ஒரு வருடம் தளர்ந்தாள் என்று சேர்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு சேர்த்தாள்.

கொப்பியை வாங்கிக் கண்ணால் ஒரு தடவை ஓட்டினேன். தலைப்பிலேயே, கொட்டை எழுத்தில், அம்மாயியின் பெயர் 'அம்மா' என்று முடிந்திருந்தது.

"ஐயோ" என்றாள் மகள். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "விடு புள்ள, அதுவும் நாந்தான்."

மகள் ஓடிப்போய் டிப்பெக்ஸ் எடுத்து வந்தாள். நான் கையைப் பிடித்துவிட்டேன். டிப்பெக்ஸ் பூசிய தாளை எந்தக் கவுண்டரிலும் எடுக்க மாட்டார்கள், கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்காவது இதைச் சொல்கிறேன். பக்கத்தைக் கிழித்தெடுத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன்.

மணி ஒன்பதரை. இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறாள், என்னோடு பேசவில்லை. அம்மா அவளுக்குப் பக்கத்தில் விளக்கைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.