வறுமையால் யாருக்கு லாபம்?

ஒரு வழக்கம் நீடித்து நிற்கிறதென்றால், அது சமூகத்துக்கு ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது. சமூகவியலில் செயல்பாட்டுவாதத்தின் அடிப்படை இதுதான்.

1945இல் அமெரிக்கச் சமூகவியலாளர்களான கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் இதை வைத்து ஏற்றத்தாழ்வுக்கே நியாயம் சொன்னார்கள். முக்கியமான, நீண்ட பயிற்சி கேட்கும் வேலைக்குத் திறமைசாலிகள் வர வேண்டுமானால் வருமானமும் மரியாதையும் கூடுதலாக இருந்தே ஆக வேண்டுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு!

எனக்குப் பிடித்தது 1971இல் இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் கேன்ஸ் எழுதிய கட்டுரை. செயல்பாட்டுவாதிகளின் ஆயுதத்தையே எடுத்து, அமெரிக்காவில் வறுமை என்னென்ன 'பயன்' தருகிறது என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் அடுக்குகிறார். அழுக்கான, ஆபத்தான வேலைகளுக்குக் குறைந்த கூலியில் ஆள் கிடைக்கிறது. நேற்றைய ரொட்டி, பிறர் உடுத்திக் கழித்த துணி, ஓய்ந்துபோன கார் எல்லாம் விலைபோகின்றன. வசதியானவர்கள் எட்டிப் பார்க்காத மருத்துவருக்கும் வக்கீலுக்கும் பிழைப்பு ஓடுகிறது. ஏழைகளைக் கண்காணிக்கும் போலீசுக்கும், ஏன், ஏழைகளை ஆராயும் சமூகவியலாளருக்கும்கூட!

சரி, அப்படியானால் வறுமை தேவையா? இல்லை என்கிறார் கேன்ஸ். நல்ல கூலி கொடுத்தால் அழுக்கு வேலைக்கும் ஆள் வரும். ஆனால் அந்தச் செலவு வசதியானவர்கள் தலையில்தான் விழும். வறுமை அவர்களுக்கே பாரமாக மாறும்வரை, இல்லையென்றால் ஏழைகள் சமூகத்தை மாற்றும் அளவுக்கு அதிகாரம் பெறும்வரை, வறுமை எங்கும் போகாது என்கிறார்.