பலெர்மோ நாட்குறிப்பு: மச்சாளின் இத்தாலியன் கொப்பி

மார்ச் 3

மச்சாள் மொழி வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டா. கொப்பி முழுக்கத் தமிழ் எழுத்தில் இத்தாலியன். அதை நிறுத்தச் சொன்னேன். 'தீகோ' (சொல்கிறேன்) என்று எழுதினால் வாய் தானாக 'அகம்' என்பதில் வரும் மெல்லிய ககரத்துக்குப் போய்விடும். 'தீக்கோ' என்றால் இரட்டித்துவிடும். இத்தாலியனுக்கு வேண்டியது 'பக்கம்' என்பதில் வரும் வல்லோசை, அதுவும் ஒற்றையாக. இதை எழுதத் தமிழில் வழியில்லை. அவர்களின் எழுத்திலேயே எழுதி, அசைக்கு அசை கோடு போடட்டும்.

மார்ச் 5

இன்று அசை பிரித்தோம். இரட்டை மெய் நடுவில் பிரியும்: பர்-லெ-ரே-மோ என்றால் 'கதைப்போம்', பர்-லெ-ரெம்-மோ என்றால் 'முடிந்தால் கதைப்போம்' என்கிற நிபந்தனை. இங்கிலீஷ்காரருக்கு இது பெரும்பாடு. படத்தையும் பட்டத்தையும் பிரித்தறியும் எங்கள் காதுக்கு ஒரு தரம் கேட்டாலே போதும்.

பர்-லியா-மோ மூன்றே அசை. 'லி' தனியாக நிற்கக்கூடாது, யகரத்தோடு ஒட்டிக் குறுகவேண்டும். 'கேண்மியா'வில் வரும் குற்றியலிகரம் மாதிரி என்றேன். பள்ளியில் படித்த இலக்கணம் பலெர்மோவில் உதவுகிறது!

மார்ச் 9

கஷ்டம் அழுத்தத்தில்தான். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. இங்கே முதல் அசையை அழுத்தினால் பர்லோ, 'கதைக்கிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் கதைத்தார்'. கடைசி அசை அழுத்தத்துக்கு மட்டும் எழுத்தின் மேல் கோடு உண்டு. இத்தாலியின் வடக்கே இந்த இறந்தகாலம் பேச்சில் அருமை, பலெர்மோ இருக்கிற சிசிலித் தீவிலோ சர்வசாதாரணம். ஆகவே மச்சாள் இதைத் தவிர்த்துவிட முடியாது.

நடுவில் விழும் அழுத்தத்துக்கு எந்த அடையாளமும் போடமாட்டார்கள். 'வசிக்கிறார்கள்' என்பதை எல்லாரும் மூன்றாம் அசையை இழுத்து 'அபிதானோ' என்கிறார்கள். 'வசிக்கிறீர்கள்' என்ற வடிவத்தில் அழுத்தம் அங்கேதான், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. சரியானது ஆ-பி-த-னோ, முதல் அசை. நிகழ்காலத்தில் 'நான்' வடிவத்தில் அழுத்தம் எங்கே விழுகிறதோ, 'அவர்கள்' வடிவத்திலும் அதே அசையில்தான். 'நாங்கள்', 'நீங்கள்' இரண்டிலும் மட்டும் அது விகுதிக்கு நகரும். எனக்குத் தெரிந்தவரை, வினைகளுக்கு இதைவிட உபயோகமான விதி வேறில்லை. வகுப்பில் முதல்நாளே இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மார்ச் 10

'ஆ-பி-த-னோ' வந்துவிட்டது. அடுத்தது தெ-லே-ஃபொ-ன-னோ, 'தொலைபேசியில் அழைக்கிறார்கள்'. இரண்டாம் அசையை நன்றாக அழுத்தி, மிச்ச மூன்றையும் இழுக்காமல் விறுவிறென்று விடவேண்டும். நாளைக்கும் இதுதான்.