பூட்டு பூட்டுனபடியே இருக்கு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

வீடு வந்து சேந்தாச்சு. சவுதில தம்மாம்ல ஏறி, நடுவுல ஒரு ஊர்ல பிளேன் மாறி, காலம்பற வந்து எறங்கி, களியக்காவிளை தாண்டுனதும் ஒரு சாயா குடிச்சு, மார்த்தாண்டம் மேம்பாலத்துல வண்டி ஏறும்போதான் ஊருக்கு வந்த நெனப்பே வந்துது. ஏர்போர்ட்ல பெல்ட்டுல பெட்டி வந்தப்போ பாத்தேன், பூட்டு இருக்கு, நான் கட்டுன செவப்பு ரிப்பன் இருக்கு, வேற என்னத்த பாக்க, தூக்கி டிராலில வச்சுட்டு வந்துட்டேன்.

ராத்திரி சாப்ட்டு முடிச்சு எல்லாரையும் உக்கார வச்சு பெட்டிய தொறந்தேன். ரெண்டு வருசத்துக்கு ஒருக்க நடக்குற கோயில் கொடை மாதிரி எங்க வீட்டுல இது, பக்கத்து வீட்டுப் பிள்ளைய கூட வந்து உக்காந்தாச்சு. கோடாலி தைலம் வந்துது, டாங் வந்துது, பால்பவுடர், பாதாம், கம்பளி எல்லாம் வந்துது. அடியில துணிக்கு நடுவுல கைய விட்டா வாட்ச் டப்பா இல்ல. மவனுக்கு வாங்குன டேப் (டேப்லெட்) இல்ல. சென்ட் மூணும் இல்ல. ஒரு சாக்லேட் பாக்கெட்ட கிழிச்சு பாதி தின்னுட்டு மிச்சத்த அழகா மடக்கி வச்சிருக்கான் சவம். பசிச்சிருக்கும் போல.

டேப் போனா போட்டும், சென்ட் போனா போட்டும். வாட்ச் என்னோடது இல்ல. ரூம்ல கூட இருக்க அண்ணன், மருமவனா வரப்போற பையனுக்குனு குடுத்து விட்டது. அவருக்கு வீடு கருங்கல் பக்கம், இந்த ஆவணி கடைசில மவளுக்கு கல்யாணம், அவருக்கு லீவு கெடைக்கல. "கைலேயே வச்சுக்க மக்கா"ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. கைப்பையிலதான் வச்சிருந்தேன், கவுண்டர்ல அந்தப் பையன் தூக்கி தராசுல போட்டு 9 கிலோ இருக்கு 7 தான் விடுவோம், எடுத்து பெருசுல போடுங்கன்னான், பின்னால நாப்பது பேரு நிக்கான், வெப்றாளத்துல கைக்கு வந்தத எல்லாம் எடுத்து உள்ள திணிச்சேன். அந்த ரெண்டு நிமிசம்தான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒறக்கம் இல்ல. காலைல பிளேன் கம்பெனிக்கு போன் போட்டா, எதா இருந்தாலும் ஏர்போர்ட்ட விட்டு வெளிய வரதுக்கு முன்ன கவுண்டர்ல பி.ஐ.ஆர், அதான் பெட்டி புகார் ஃபாரம், எழுதியிருக்கணும் சார்னு ஒரு பொண்ணு. பூட்டு பூட்டுனபடியே இருந்தா நான் எதுக்கும்மா பெல்ட்டுக்கிட்ட வச்சு பெட்டிய தொறக்கப் போறேன்னு கேட்டேன். பதிலு இல்ல, பாட்டு போட்டு விட்டுட்டா.

மச்சினன் நாகர்கோவில் கோர்ட்ல வக்கீலுக்கிட்ட குமாஸ்தாவா இருக்கான், அவன் வக்கீலுக்கிட்ட கேட்டு சொன்னான். வெளிநாட்டுப் பயணம்னா மாண்ட்ரியல் ஒப்பந்தம்னு ஒண்ணு 1999-ல போட்டது, இந்தியா 2009-ல சேந்தாச்சு. அதுல, பெட்டிக்கு சேதம்னா கைக்கு வந்த நாள்ல இருந்து 7 நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும், பெட்டிக்குள்ள இருந்து சாமான் போறதையும் இந்த கணக்குலதான் பாப்பாங்க, அதனால கவுண்டர விட்டு வந்துட்டம்னு வாய மூடிட்டு இருக்காத, ஆனா எட்டாவது நாள் போனா கத முடிஞ்சுது. பிளேன் மாறி வந்ததுனால எங்க வச்சு எடுத்தான்னு தெரியலையேன்னேன். அத நீ கண்டுபிடிக்க வேண்டாம், மொத பிளேன் கம்பெனிக்கிட்டயும் கேக்கலாம் கடைசி பிளேன் கம்பெனிக்கிட்டயும் கேக்கலாம்னு அதுலயே இருக்காம்.

அப்பதான் ஒரு யோசன. போர்டிங் பாஸ் பின்னால ஒட்டுன சீட்டுல 1 பெட்டி 29 கிலோன்னு இருக்கு. எடுத்தத எல்லாம் திரும்ப உள்ள போட்டேன், தைலம் டாங் கம்பளி ஒண்ணு விடாம, பிள்ளைய தின்ன சாக்லேட்டுக்கு மட்டும் கடைல இருந்து அதே எடைக்கு கடல மிட்டாய் வாங்கி போட்டேன் (வீட்டுக்காரி சிரிக்கா, நான் சிரிக்கல). முக்குல ரப்பர் சீட் எடுக்குற கடைக்கு தூக்கிட்டுப் போனேன். ஒட்டுப்பால் நாத்தத்துக்கு நடுவுல, சீட்டு அடுக்குன தராசுல என் துபாய் பெட்டி, அதாவது சவுதி பெட்டி, எங்க ஊர்ல எல்லாமே துபாய்தான். 26.650. கடைக்காரரு துண்டுச்சீட்டுல எழுதி கடை சீல் அடிச்சுத் தந்தாரு, போட்டோவும் எடுத்தாச்சு. எறங்கும்போ எடை போடலியே, நீ வீட்டுல வச்சு எடுத்திருக்கலாம்லன்னு கேப்பாங்கன்னு மச்சினன் சொல்லுகான். கேக்கட்டும், ஒண்ணும் இல்லாம நிக்கதுக்கு இது கொள்ளாம்.

ஆகஸ்ட் 6, புதன்

மார்த்தாண்டத்துல பேக் தைக்கிற அண்ணாச்சிக்கிட்ட பெட்டிய கொண்டு போனேன், பூட்டு ஒடையாம எப்படின்னு தெரியாம மண்ட வெடிச்சிரும் போல இருந்துது. அவரு சிரிச்சுக்கிட்டே காதுல சொருவியிருந்த பால்பாயிண்ட் பேனாவ எடுத்து சிப்பு (ஜிப்) பல்லுக்கு நடுவுல குத்தி ஒரு அமுக்கு, பப்படம் மாதிரி வாயப் பொளந்துது. பொறவு பூட்டோட சேத்து சிப்ப இழுக்குற ரெண்டு ரன்னரையும் புடிச்சு அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, மூடிட்டு. பத்து செகண்டு கூட ஆகல. ஒரே ஒரு எடத்துல பல்லு லேசா கோணி இருந்துது, "இங்கதான் குத்தியிருக்கான் பாருங்க, இது நான் குத்துனது இல்ல"ன்னாரு.

ரன்னர் ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு சேத்து பூட்டுனா அது பூட்டே இல்லியாம். பெட்டியோட ஒடம்புலயே பூட்டு இருந்து ரன்னர் அதுல மாட்டுற மாதிரி இருந்தா, பேனா வச்சு தொறக்கலாம் ஆனா திரும்ப மூட முடியாது, பல்லு இளிச்சுக்கிட்டே பெல்ட்டுல வரும், நமக்கு அங்கயே தெரிஞ்சிரும். சிப்பே இல்லாம கிளிப் போட்டு மூடுற பெட்டின்னா இந்த வேலையே நடக்காது. இருவது வருசமா கல்ஃப் பெட்டியா தச்சுத் தள்ளுத மனுசன், எந்த கம்பெனி வெப்சைட்லயும் இத சொல்லல.

ஆகஸ்ட் 7, வியாழன்

மூணு நாளா தள்ளிப் போட்ட போன். அண்ணனுக்கு டூட்டி முடியுற நேரம் பாத்து அடிச்சேன். எல்லாத்தையும் சொன்னேன், கைப்பை, தராசு, பேனா, ரப்பர் கடை எல்லாம். சொல்ல சொல்ல எனக்கே பொய் மாதிரி கேக்குது. அந்தப் பக்கம் ஒண்ணும் பேசல. பொறவு "சரி மக்கா, போட்டும்"னாரு. திட்டியிருந்தா கூட நிம்மதியா இருந்திருக்கும்.

கல்ஃப்ல இருந்து வாறவன் கைல அடுத்தவன் சாமான் வராத நாள் கெடையாது. அதுக்கு ரசீது கெடையாது, சாட்சி கெடையாது, குடுத்தவன் நம்பிக் குடுக்கான், வாங்குனவன் கொண்டு சேக்கான். "பெட்டிலேருந்து போயிட்டு"ன்னு இதுக்கு முன்னால சொன்ன ரெண்டு பேர எனக்குத் தெரியும், அவனுவள பத்தி ரூம்ல நாங்க என்ன பேசுனோம்னும் தெரியும். அதான் சங்கடம்.

சாயங்காலம் பைக்க எடுத்துட்டு கருங்கல் போனேன். அக்கா சாயா போட்டுத் தந்தாவ, அந்தப் பிள்ள கதவுக்குப் பின்னால நிக்கி. எடைச்சீட்ட காட்டுனேன். அக்கா அத வாங்கி பாக்கல, "வெயில்ல வந்திருக்கிய தம்பி, தண்ணி குடிங்க"ன்னாவ.

ஆகஸ்ட் 9, சனி

ஆறாவது நாள். திரும்ப ஏர்போர்ட். ரெண்டு மணி நேரம் நிக்க வச்சு, எழுதுன கடுதாசிய வாங்கி, நகல்ல சீல் வச்சு தந்தாங்க. தேதி தெளிவா இருக்கான்னு மூணு தடவ பாத்துக்கிட்டேன். மெயிலும் அனுப்பியாச்சு. வாட்ச் பில்லு டப்பாவுக்குள்ளயே இருந்துது, அதுவும் கள்ளனுக்கிட்ட. அண்ணன் கார்டு தேச்ச மெசேஜ அனுப்பித் தந்தாரு, 385 ரியால். மெசேஜ் மட்டும், வேற ஒரு வார்த்த இல்ல.

ஆகஸ்ட் 18, திங்கள்

பதில் வந்துது. வெலகூடுன சாமான், எலக்ட்ரானிக் சாமான் எல்லாம் பெரிய பெட்டியில போடக்கூடாதுன்னு எங்க நிபந்தனைல இருக்கு, இருந்தாலும் நல்லெண்ணத்துல 6000 ரூவா. போடச் சொன்னதே அவங்க ஆளு!

ஒப்பந்தத்துல ஒருத்தருக்கு 1519 எஸ்.டி.ஆர் (ஐ.எம்.எஃப் போடுற கணக்குப் பணம்) வரைக்கும் உண்டு, போன டிசம்பர் 28-ல இருந்து கூட்டுனது, அதுக்கு முன்ன 1288. நம்ம காசுக்கு ரெண்டு லட்சத்துக்கு கொஞ்சம் கொறவா வரும். அது மேல்வரம்புதான், என்ன போச்சுன்னு காட்டுனாதான் காசு. அதவிட வெலகூடுனது இருந்தா செக்-இன் அப்பவே மதிப்பு எழுதிக் குடுத்து கூடுதல் காசு கட்டலாமாம், பின்னால நாப்பது பேரு நிக்கும்போ எவன் எழுதுவான். சட்டத்த கொறைக்கிற மாதிரி கம்பெனி சொந்தமா நிபந்தனை போட்டா செல்லாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு, அத வச்சு வாதாடலாம்னு வக்கீல் சொல்லுகாரு. நுகர்வோர் கேஸ் நாம இருக்க ஊர்லயே, நாகர்கோவில்லயே போடலாம், ஆன்லைன்லயும் போடலாம், டிக்கெட் காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கெடையாது, ரெண்டு வருசம் டைம் இருக்கு. 6000-த்த வாங்கல. மச்சினன் பேப்பர் ரெடி பண்ணுகான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நாகர்கோவில் போய் அதே மாதிரி வாட்ச் ஒண்ணு வாங்குனேன். அதே கம்பெனி, டயல் மட்டும் நீலம், அது கறுப்பு. அக்கா வேண்டாம் வேண்டாம்னாவ, வச்சுட்டு வந்துட்டேன். இத குடுத்ததால நான்தான் எடுத்தேன்னு ஆயிருமோன்னு வழி நெடுக ஒரு யோசன. குடுக்காம இருந்தாலும் அதேதான.

செப்டம்பர் 7, ஞாயிறு

கல்யாணத்துக்கு போயிட்டு வந்தாச்சு. மாப்பிள்ள கைல வாட்ச் இருந்துது. எல்லாருக்கும் கை குடுக்கும்போ அது என்ன கலர்னுதான் நான் பாத்தேன், அவன் மூஞ்சிய பாக்கல.

செப்டம்பர் 19, வெள்ளி

நாளைக்கு பிளைட். சாயங்காலம் கருங்கல் அக்கா ஆட்டோ புடிச்சு வீடு வரைக்கும் வந்துட்டாவ, அண்ணனுக்கு குடுத்து விட. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, ஏத்தங்கா உப்பேரி, நெத்திலி கருவாடு நாலு கவர் சுத்துனது. பொதிக்கு மேல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு, அந்தப் பிள்ளையோட கையெழுத்து, என்ன என்ன எத்தன கிராம்னு வரிசையா, அடியில மொத்தம் 3 கிலோ 400. "எங்கயாவது கேட்டா காட்டதுக்கு எளுப்பமா இருக்கும்லா தம்பி"ன்னாவ. ஆமா அக்கான்னு வாங்கிக்கிட்டேன்.

கைப்பைய காலி பண்ணி அத வச்சாச்சு. என் சட்ட ரெண்டும் சார்ஜரும் போடதுக்கு இன்னும் 3 கிலோ 600 இருக்கு. கருவாட்ட மேல விடுவானான்னு தெரியல.