பேக்கப்பிசி 3.3-லிருந்து 4.4: புது சர்வருக்கு மாறுபவர்கள் கவனத்துக்கு

கேரளாவில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைகளைப் பார்க்கிறேன். அலுவலக மெஷின்களை எல்லாம் ஒரே சர்வரில் பேக்கப் எடுக்கும் மென்பொருளான பேக்கப்பிசி 3.3.2, டெபியன் 10 என்ற லினக்ஸில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் கிழடாகிவிட்டதால் புதிது வாங்கி, டெபியன் 12 போட்டு, அதில் வரும் 4.4.0-க்கே போய்விடலாம் என்று முடிவானது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் எல்லாம் போட்ட பிறகுதான் கை வைக்க வேண்டும் என்றார் ஆடிட்டர் சார். நியாயம்தான்.

சர்வர் கோயம்புத்தூரில் ஒரு கடையிலிருந்து வந்தது. கூட வந்த டெக்னீஷியன் தம்பி, "சும்மா காப்பி பண்றதுதானுங்க, சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாமுங்க" என்றார். பேக்கப் கோப்புகள் எல்லாம் இருக்கும் இந்தப் பூலை அப்படிக் காப்பி செய்ய முடியாது என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

பதிப்பு 3 ஒரே கோப்பை ஒரு முறைதான் டிஸ்கில் வைக்கும். மற்ற இடங்களில் எல்லாம் அதற்கு ஹார்டுலிங்க்தான், அதாவது அதே கோப்புக்கு இன்னொரு பெயர். பத்து மெஷினில் ஒரே பிடிஎஃப் இருந்தாலும் இடம் பிடிப்பது ஒன்றுதான். ஆர்சிங்க் என்ற காப்பி செய்யும் கட்டளையில் பெரிய ஹெச் (-H) போடாமல் காப்பி செய்தால் ஒவ்வொரு லிங்க்கும் தனிக் கோப்பாகிவிடும். அதுதான் நடந்தது. பழைய டிஸ்கில் ஒன்றரை டிபிக்குள் அடங்கிக் கிடந்தது, புது 4 டிபி டிஸ்க் முழுவதையும் விழுங்கிவிட்டு, இடமில்லை என்று நின்றது.

அப்புறம் தம்பி ஹெச் போட்டு ஆரம்பித்தார். அதற்கு ஆர்சிங்க் எல்லா லிங்க்கையும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான கோப்பு. மெமரி நிரம்பி, லினக்ஸ் கர்னலே ஆர்சிங்க்கைப் பாதியில் நிறுத்திக் கொன்றுவிட்டது. "சாஃப்ட்வேர் ரொம்பப் பழசுங்க, இதெல்லாம் வராதுங்க" என்று சொல்லிவிட்டு வேலந்தாவளம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

பழைய பூல் தனி எல்விஎம் வால்யூமில் (டிஸ்கில் தனியாகப் பிரித்த பகுதியில்) இருந்ததால் பிழைத்தோம். சர்வீஸை நிறுத்தி, வால்யூமை அன்மவுண்ட் செய்து, அப்படியே டிடி கட்டளையால் புது சர்வருக்கு அனுப்பினேன். கோப்பு, லிங்க் என்ற பேச்சே இல்லை, முழு வால்யூமும் பிளாக் பிளாக்காகப் போகும். பேக்கப்பிசி ஆவணமே முடிந்தால் இப்படிச் செய்யச் சொல்கிறது. ஒரு விஷயம்: எங்கள் நெட்வொர்க் ஸ்விட்ச் 100 எம்பிபிஎஸ். அதன் வழியாக அனுப்பினால் ஒன்றரை நாள் ஆகும். இரண்டு சர்வருக்கும் நடுவில் ஒரே கேபிளை நேராகப் போட்டு ஜிகாபிட்டில் அனுப்பினால் நாலைந்து மணி நேரத்தில் முடியும். யுபிஎஸ் பேட்டரியை முதலில் பாருங்கள். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடி மழையில் பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான். போய்ச் சேர்ந்ததும் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்த்து, புது டிஸ்க் அளவுக்கு விரித்துக்கொண்டேன்.

பேக்கேஜ் போடும் முன்பே, பழைய சர்வரில் பேக்கப்பிசி பயனருக்கு இருந்த அதே யுஐடியில் (பயனர் எண்ணில்) இங்கேயும் பயனரை உருவாக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அத்தனை கோப்புக்கும் உரிமையாளரை மாற்றும் சௌன் (chown) கட்டளையை ஓட்டிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

பழைய கான்ஃபிக்கை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். லினக்ஸ் மெஷின்களுக்கு இருந்த ஆர்சிங்க்-கிளையண்ட்-கமாண்ட் (RsyncClientCmd) என்ற அமைப்பு பதிப்பு 4-இல் இல்லை. அதன் இடத்தில் ஆர்சிங்க்-எஸ்எஸ்ஹெச்-ஆர்க்ஸ் (RsyncSshArgs) வந்திருக்கிறது. இதைவிட முக்கியம் பூல்-வி3-எனேபிள்டு (PoolV3Enabled). எங்கள் புது கான்ஃபிக்கில் அது பூஜ்யமாக இருந்தது. அதை 1 ஆக்கினால்தான் புது பேக்கப் எடுக்கும்போது பழைய பூலில் இருக்கும் கோப்புகளையே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எல்லாம் இரட்டிப்பாகும். பழைய பேக்கப்புகளை வி4 வடிவத்துக்கு மாற்ற ஒரு கட்டளை உண்டு, ஆனால் கட்டாயமில்லை. பதிப்பு 4 அவற்றை அப்படியே படிக்கும். நான் மாற்றவில்லை, காலாவதியாகித் தானே போகட்டும்.

மூலையில் ஒரு சென்ட் ஓஎஸ் 6 (பழைய லினக்ஸ்) மெஷின் இருக்கிறது, பழைய கிளையண்ட் ஒருவரின் கணக்குக்காக. மெஷின்களுக்குள் பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்ஹெச், டெபியன் 12-இல் அதோடு பேச மறுத்தது. பழைய எஸ்எஸ்ஹெச்-ஆர்எஸ்ஏ கையெழுத்தை டெபியன் 12 தானாக ஏற்பதில்லை. அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் அனுமதி கொடுத்தேன். எல்லாவற்றுக்குமாகத் திறந்துவிடாதீர்கள். விண்டோஸ் மெஷின்களில் தொல்லையே இல்லை. பழைய சர்வரை அணைத்துவிட்டு அதே ஐபியைப் புதியதற்குக் கொடுத்ததால் ஒன்றையும் தொட வேண்டியிருக்கவில்லை.

முதல் முழு பேக்கப் மெதுவாகத்தான் ஓடும், பயப்பட வேண்டாம். டாலி கணக்கு மென்பொருளின் ஒரு ஃபோல்டரையும், மலையாளத்தில் பெயர் வைத்த ஸ்கேன் கோப்புகளையும் மீட்டுப் பார்த்தேன். திறந்தன.

கடைசியில் கடையிலிருந்து பில் வந்தது. "டேட்டா மைக்ரேஷன்" என்று தனியாக ஒரு தொகை! அதோடு, கேரளாவுக்கு விற்ற சரக்குக்கு மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போடாமல், ஒரே மாநிலத்துக்குள் விற்றால் போடும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டிருந்தார்கள், அதுவும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கு. சார் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டையும் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினார். திருத்தி வந்த பில்லில் மைக்ரேஷன் வரியைக் காணவில்லை.