பட்டறையில் கற்பிப்பவரின் நேரத்துக்கு யார் கூலி கொடுப்பது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ்டவுனில் உள்ள சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கெழுதிக் கொடுப்பது என் தொழில். நகைப் பட்டறை, தையற்கடை, முடிதிருத்தகம், அச்சகம், குளிர்சாதனக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடை என, பெரும்பாலும் ஐந்தாறு பேருக்கு மேல் வேலை செய்யாத இடங்கள். ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது தொழிற்பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதைக் காது கொடுத்துக் கேட்பேன். 2025ஆம் ஆண்டுக்குத் திவெட் எனப்படும் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் பயிற்சிக்காக அரசு 750 கோடி வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியது. நாட்டின் தொழில் நிறுவனங்களில் நூற்றுக்கு 97 சிறு, நடுத்தர நிறுவனங்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பணத்தில் ஒரு துளியாவது மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்யும் பட்டறைக்கு வந்து சேர வேண்டும் அல்லவா? என் கண்ணில் பட்டவரை, வந்து சேரவில்லை. பணம் போதாமல் இல்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் கோளாறு இருக்கிறது. வகுப்புக்கும் கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுக்கிறோம். தன் வேலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பையனுக்குக் கைத்தொழிலைக் காட்டிக் கொடுப்பவரின் நேரத்துக்கு மட்டும் எவரும் கூலி கொடுப்பதில்லை.

முதலில், பயிற்சிக்காக முதலாளிகளிடம் வசூலிக்கப்படும் கட்டணமான லெவியை எடுத்துக்கொள்வோம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள மேம்பாட்டு நிதி தொடங்கப்பட்டு, 2001ஆம் ஆண்டின் பி.எஸ்.எம்.பி. சட்டத்தால் தனி நிறுவனமாக்கப்பட்டு, இப்போது எச்.ஆர்.டி. கார்ப் என்ற பெயரில் இயங்குகிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளி, சட்டத்தில் குறிக்கப்பட்ட துறைகளில் இருந்தால், மாதச் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்ட வேண்டும். ஐந்து முதல் ஒன்பது பேர் வரை உள்ளவர்கள் விரும்பினால் பதிந்துகொண்டு 0.5 விழுக்காடு கட்டலாம். 2021 மார்ச் மாதம் முதல் இன்னும் பல துறைகள் இதற்குள் கொண்டுவரப்பட்டன. கட்டிய பணம் அந்தந்த முதலாளியின் கணக்கிலேயே சேர்கிறது. அதிலிருந்து பயிற்சிச் செலவைக் கோரிப் பெறலாம்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தலைக்கு 2,000 வெள்ளி சம்பளத்தில் ஆறு பேர் வேலை செய்யும் ஒரு கடை மாதம் 60 வெள்ளி கட்டும். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 720 வெள்ளி. தலைக்குச் சராசரியாக 3,000 வெள்ளியில் 2,000 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையின் கணக்கிலோ ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி சேரும். 720 வெள்ளியை வைத்துக்கொண்டு ஒருவரை இரண்டு நாள் பயிலரங்குக்கு அனுப்பலாம். ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்க முடியாது. ஐந்து பேருக்கும் குறைவாக இருக்கும் கடைக்கு அந்த 720 வெள்ளிகூட இல்லை. எங்கள் பினாங்கு வீதியிலும் கடைத்தெருவிலும் இருக்கும் நகைப் பட்டறைகளில் பல இந்தக் கடைசி வகையைச் சேர்ந்தவை.

ஒரு தொழிலைக் கற்றுக்கொடுப்பது என்றால் என்ன என்பதை நான் கணக்குப் பார்க்கும் ஒரு பட்டறையில் அமர்ந்து கவனித்திருக்கிறேன். பத்தர் ஒரு மோதிரத்தின் இரு முனைகளையும் சேர்த்து, வெங்காரம் தடவி, பற்றவைக்கும் பொடி வைத்து, பையனிடம் ஊதுகுழலைக் கொடுத்தார். வெள்ளியில் செய்த பழகுமோதிரம் அது. தங்கத்தின் விலை இருக்கும் இருப்பில் யாரும் முதலாண்டுப் பையன் கையில் தங்கத்தைக் கொடுக்கமாட்டார்கள். பையன் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தான். “தம்பி, தீயைப் பார்க்காதே, பொடியைப் பார். அது கண்ணாடி மாதிரி மின்னி ஓடும், அந்த நொடியிலேயே தீயை எடுத்துவிடு” என்றார் அவர். முதல் தடவை பொடி ஓடுவதற்கு முன்பே எடுத்துவிட்டான், இணைப்பு பிடிக்கவில்லை. அடுத்த தடவை தாமதித்தான். மோதிரத்தின் ஒரு பக்கம் உருகிக் குழைந்தது. பத்தர் அதை மூசையில் போட்டுவிட்டு, மறுபடியும் கம்பியை இழுத்து, வளைத்து, அரத்தால் முனை தேய்த்துக் கொடுத்தார். அந்த முற்பகலில் அவருடைய மேசையில் ஒரு தாலிக்கொடி பாதி வேலையோடு அப்படியே கிடந்தது. அவர் வாங்குவது செய்கூலி, செய்தால்தான் கூலி. பையனுக்குச் சொல்லிக் கொடுத்த அந்த நேரத்துக்கு வாடிக்கையாளர் பணம் தரமாட்டார், எச்.ஆர்.டி. கார்ப்பிலும் கோர வழியில்லை, என் கணக்குப் புத்தகத்திலும் அதற்கு ஒரு தலைப்பு கிடையாது.

“இதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறதே” என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். எஸ்.எல்.டி.என். எனப்படும் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டம் 2005ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜெர்மனியின் முறையைப் பின்பற்றி அமைக்கப்பட்ட அத்திட்டத்தில் பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும், எஞ்சியது பயிற்சி மையத்தில் பாடமாகவும் நடக்கும். முடிவில் மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்கும். இத்திட்டத்தின் கருத்தை நான் மனமார மதிக்கிறேன். நம் நாட்டில் இருப்பவற்றுள் பட்டறைக்கு மிக நெருங்கி வருவது இதுதான். ஆனால் இதை ஏற்று நடத்தும் நிறுவனம், பயிற்சிக் குறிப்பேடுகளைப் பராமரித்து, பயிற்றுநரைத் தகுதிபெறச் செய்து, பையனுக்கு மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து, வாரத்தில் ஒரு நாளோ சில வாரங்கள் தொடர்ச்சியாகவோ அவனைப் பாடத்துக்கு அனுப்ப வேண்டும். மனிதவளப் பிரிவு என்று ஒன்று இருக்கும் நிறுவனத்துக்கு இது அன்றாட வேலை. கல்லாவிலும் பட்டறையிலும் ஒருவரே உட்காரும் கடைக்கு இது இன்னோர் ஆளுடைய வேலை.

சான்றிதழ் இல்லாத மூத்த தொழிலாளர் என்ன செய்வது என்பதற்கும் வழி இருக்கத்தான் செய்கிறது. பி.பி.டி. எனப்படும் முன்அனுபவ அங்கீகார முறையில், பல்லாண்டு வேலை செய்தவர் வகுப்புக்குப் போகாமலே தன் வேலையின் சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து எஸ்.கே.எம். பெறலாம். ஆனால் அந்தத் தொகுப்பை உட்கார்ந்து எழுதிக் கொடுக்க ஒருவர் வேண்டும். நகை செய்யத் தெரிந்தவருக்கு மலாய் மொழியில் பக்கம் பக்கமாகப் பணிவிளக்கம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதே பினாங்கில் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1972இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் அமைந்தது; மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. திறமையான ஆட்கள் போதாமல் போகவே, மாநில அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளர்களும் கைகோத்து 1989இல் பி.எஸ்.டி.சி. எனப்படும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவினார்கள். தனியொரு தொழிற்சாலை வாங்கித் தன் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடியாத கருவிகளை எல்லாரும் பகிர்ந்துகொண்டார்கள். என்ன கற்பிப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். பெரிய நிறுவனங்களே தனித்தனியாக இதைச் செய்ய முடியாது என்று உணர்ந்து ஒன்றுசேர்ந்தபோது, நான்கு பேர் கடையிடம் “நீயே தனியாகச் செய்துகொள்” என்று சொல்வது எந்த வகையில் பொருந்தும்?

ஆள் பற்றாக்குறை நம் சமூகத்தில் பேசப்படும் விதம் எனக்கு வருத்தத்தைத் தருகிறது. முடிதிருத்தம், நகைத்தொழில், ஜவுளி ஆகிய மூன்று துறைகளுக்கும் அந்நியத் தொழிலாளர்களை அனுமதிக்க வேண்டும் என்று சங்கங்கள் நெடுங்காலமாகக் கோரி, 2023இல் 7,500 பேர் வரை அனுமதிக்க அமைச்சரவை ஒப்புக்கொண்டதாக அறிவிக்கப்பட்டது. இன்று கடையைத் திறந்து வைக்க ஆள் வேண்டும் என்ற அவர்களின் நெருக்கடியை நான் அன்றாடம் பார்க்கிறேன். அதைக் குறை சொல்லமாட்டேன். அதே மூச்சில், உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க இவ்வளவு வேண்டும் என்று ஏன் கேட்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை” என்பார்கள். மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுத்தால் அன்றைக்கே கையில் காசு கிடைக்கிறது. பட்டறையில் முதல் ஓராண்டு முழுவதும் கைச்செலவுக்கு மட்டும் கொடுத்து, முடிவில் ஒரு சான்றிதழும் இல்லை என்றால், எந்தத் தாய் தன் மகனை அனுப்புவாள்?

வெளிநாடுகளிலும் இந்தச் சிக்கல் முழுவதாகத் தீர்ந்துவிடவில்லை. பிரிட்டனில் 2017 முதல், ஆண்டுச் சம்பளத் தொகை 30 லட்சம் பவுனைத் தாண்டும் நிறுவனங்கள் 0.5 விழுக்காடு லெவி கட்டுகின்றன. லெவி கட்டாத சிறு நிறுவனங்களின் பயிற்சிக் கட்டணத்தில் 95 விழுக்காட்டை அரசு ஏற்றது. 2024 ஏப்ரல் முதல், 22 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிறுவனங்களுக்கு முழுவதையும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அந்தக் கட்டணம் பயிற்சி நிறுவனத்துக்குத்தான் போகிறது. 16 முதல் 18 வயது வரையுள்ளவரைச் சேர்த்தால் முதலாளிக்கு 1,000 பவுன் தருகிறார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. ஆஸ்திரேலியாவில் குழுப் பயிற்சி நிறுவனங்கள் இருக்கின்றன. பயிலுநருக்கு முதலாளி அந்தக் குழு நிறுவனமே. சம்பளம், காப்புறுதி, பதிவேடு எல்லாம் அதன் பொறுப்பு. பையன் ஒரு கடையில் சில மாதங்களும் இன்னொரு கடையில் சில மாதங்களுமாகத் தொழில் பழகுவான். ஒரு கடையில் வேலை குறைந்துவிட்டால் அவனுடைய பயிற்சி அறுந்துபோவதில்லை.

நமக்கும் இதுதான் பொருந்தும் என்பது என் கருத்து. வேலைச் சட்டமே பயிலுநர் ஒப்பந்தத்தை ஆறு மாதம் முதல் 24 மாதம் வரை என வரையறுத்து அங்கீகரிக்கிறது. அந்தந்தத் தொழில்துறையின் சங்கமோ வணிகர் சங்கமோ முதலாளியாக இருந்து ஒப்பந்தம் செய்துகொண்டு, எஸ்.எல்.டி.என். பதிவேடுகளையும் பி.பி.டி. தொகுப்புகளையும் எழுத இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம். பையனுக்கு மாத உதவித்தொகை 800 வெள்ளி, கற்பிப்பவருக்கு மாதம் 400 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 100 பேருக்கு 24 மாதங்களில் ஆகும் தொகை 28 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளி. இதற்கு முன்மாதிரியும் உண்டு: 2020இல் பெஞ்சானா எனப்படும் பொருளாதார மீட்புத் திட்டத்தின்கீழ் இளம் பயிலுநர்களை ஏற்ற முதலாளிகளுக்கு மாதம் 600 வெள்ளி வீதம் ஆறு மாதம் வரை அரசு கொடுத்தது. தொகையில் குறையில்லை, காலம்தான் போதாது. ஆறு மாதத்தில் ஒரு பையன் பொடி வைக்கப் பழகுவான், தாலி செய்யமாட்டான்.

இத்தகைய உதவியைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. பயிலுநர் என்ற பெயரில் ஒரு பையனைக் கடை கூட்டவும் தேநீர் வாங்கி வரவும் வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கையும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவும் எச்.ஆர்.டி. கார்ப்பின் நிதி நிர்வாகத்தைக் கேள்விக்கு உள்ளாக்கிய பிறகு, பயிற்சிப் பணம் என்றாலே மக்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே கற்பிப்பவருக்கான தொகையில் பாதியை நிறுத்தி வைத்து, பையன் எஸ்.கே.எம். மதிப்பீட்டில் தேறிய பிறகு கொடுக்கலாம். மதிப்பீட்டாளர் முன்னறிவிப்பின்றிப் பட்டறைக்கு வந்து, பையன் செய்த பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். குறிப்பேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்பது அதற்கு அடுத்தபடி.

வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பு நிதி அமைச்சு பொதுமக்களிடமும் அமைப்புகளிடமும் கருத்துக் கேட்கிறது. அதற்கு அனுப்ப மேலே சொன்ன கணக்கை மலாய் மொழியில் இரண்டு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். முடிதிருத்தம், தையல், நகைத்தொழில் சார்ந்த சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். உங்கள் துறையின் உதவித்தொகையையும் கால அளவையும் நீங்களே மாற்றி எழுதி, உங்கள் சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள்.