சிங்குன்னு ஒரு பேரு, பெஞ்சுல ஒரு ஆளு

நேத்து சாயங்காலம் மலேசியாவுல எங்க ஊரு சுங்கை சிப்புட்ல, பழைய ரப்பர் தோட்டத்து திடல்ல அக்கா மவன் பந்து விளையாடுறத பாத்துக்கிட்டே போன நோண்டிட்டு இருந்தேன், அப்ப கண்ணுல பட்ட பேரு வில்மெத் சிடாட்-சிங். சிங்குன்னதும் நம்ம பக்கத்து ஆளுன்னு நெனச்சிட்டேன், பாத்தா அமெரிக்கக் கறுப்பர். அப்பா தவறுனப்புறம் அம்மா இந்தியாவுல இருந்து டாக்டருக்கு படிக்க வந்தவர கட்டிக்கிட்டாங்க, அவரு தத்தெடுத்து தன் பேர குடுத்துட்டாரு.

1937ல அமெரிக்காவோட வடக்குப் பக்கத்துல இருக்குற சிரக்யூஸ் யுனிவர்சிட்டி டீம்ல இவரு ஸ்டார். நம்ம காற்பந்து இல்ல, நீட்டு பந்த கையில புடிச்சிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். பேர வச்சு பத்திரிகைங்க இவர 'இந்து'ன்னே எழுதிச்சு. அப்ப தெற்குப் பக்கத்து காலேஜுங்க கறுப்பர் இருக்குற டீமோட இறங்காது, வடக்கு காலேஜுங்களும் தலையாட்டிட்டு தன் பையனயே ஓரமா உக்கார வச்சிடும், அதுக்கு 'ஜென்டில்மேன் அக்ரிமென்ட்'னு பேரு வேற. என்ன ஜென்டில்மேனோ!

மேரிலாண்டுன்னு ஒரு தெற்குப் பக்கத்து யுனிவர்சிட்டியோட மேட்சுக்கு முன்னாடி சாம் லேசிங்கிற கறுப்பின பத்திரிகைக்காரரு உண்மைய எழுதிட்டாரு. படிச்சதும் அந்தாளு மேலதான் எனக்கு கோவம் வந்துச்சு, ஏன்யா சும்மா இருந்த பையன காட்டிக் குடுத்தன்னு. அப்புறம் யோசிச்சா, இன்னொருத்தன் பேருக்குப் பின்னால ஒளிஞ்சாதான் விளையாடலாம்னா அது என்ன விளையாட்டு, அவரு எழுதுனது சரிதான். தப்பு, உடனே ஒத்துக்கிட்ட சிரக்யூஸ் மேல. இவர உக்கார வச்சாங்க, 13-0ன்னு தோத்தாங்க.

எனக்கு பதினாறு வயசுல ஒரு போட்டியில டீம எடுக்குறவரு என் பூட்ஸ பாத்தாரு, அண்ணன் போட்டு தேஞ்சது, முன்னாடி வாய பொளந்து பால் மரத்து கயிறால கட்டியிருந்தேன். "தோட்டத்து பையனா, உக்காரு"ன்னாரு. கால்ல அடி இல்ல, காய்ச்சல் இல்ல, தொண்ணூறு நிமிஷமும் அந்த கயிற அவுக்குறதும் கட்டுறதுமா இருந்தேன். கூட்டாளிங்க யாரும் என் பக்கம் திரும்பல, அதான் இன்னும் வலிக்குது. கறுப்பர்ங்கிறதுக்காக உக்கார வச்சது இத விட எவ்ளோ பெரிய கொடுமை, ஆனா அந்த பெஞ்சு எப்பிடி இருக்கும்னு எனக்கு கொஞ்சம் தெரியும்.

அடுத்த வருஷம் அதே மேரிலாண்ட் சிரக்யூஸுக்கு வந்துச்சு, இவரும் இறங்குனாரு, 53-0! படிச்சிட்டு திடல்லயே கத்திட்டேன், பசங்க எல்லாம் திரும்பி பாத்தானுங்க.

1943ல போர் விமானப் பயிற்சியில செத்துட்டாரு, 25 வயசு. மேரிலாண்ட் மன்னிப்பு கேட்டது 2013ல, அவரு சொந்தக்காரங்க கிட்ட.