மசாலாப் பொடி ஏற்றுமதி: சோதனை எங்கே தொடங்க வேண்டும்?

2024 ஏப்ரல் 5 அன்று ஹாங்காங்கின் உணவுப் பாதுகாப்பு மையம், கடைகளில் எடுத்த மாதிரிகளைச் சோதித்து, இரண்டு இந்திய நிறுவனங்களின் நான்கு மசாலாக்களில், கிருமிகளைக் கொல்லப் பயன்படுத்தும் எத்திலீன் ஆக்சைடு என்ற வாயு இருப்பதாக அறிவித்தது. இரு வாரங்களுக்குள் சிங்கப்பூரும் அவற்றுள் ஒன்றான மீன் குழம்பு மசாலாவைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. மெட்ராஸ் கறிப் பொடி, சாம்பார் மசாலா உள்ளிட்ட அந்த நான்குமே கலவைப் பொடிகள் என்பதுதான் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது.

ஈரோட்டு மஞ்சளும் குண்டூர் வற்றலும் உஞ்சா சீரகமும் ராஜஸ்தானத்து மல்லியும் ஒரே ஆலையில் அரைபட்டுக் கலந்த பிறகு, எந்த மூட்டையிலிருந்து எந்தக் குறை வந்தது என்று கண்டுபிடிப்பது மிகவும் கடினம். சுங்கத்துறைக்கு இது தலைவலியில்லை. சுங்க வகைப்பாட்டுப் பட்டியலில் வெவ்வேறு தலைப்புகளில் வரும் நறுமணப் பொருள்களைக் கலந்தால், அக்கலவையை 0910 என்ற தலைப்பில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் உணவுப் பாதுகாப்பின் கணக்கு வேறு. 2005 பிப்ரவரியில் பிரிட்டனில், ஒரு சாஸில் சேர்க்கப்பட்ட மிளகாய்த் தூளில், உணவில் சேர்க்கக் கூடாத சூடான் 1 என்ற சாயம் கலந்திருந்தது தெரியவந்தபோது, அந்தச் சாஸைச் சேர்த்துத் தயாரித்த நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து அகற்ற வேண்டியதாயிற்று.

எத்திலீன் ஆக்சைடை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். களத்தில் காயவைக்கும் மிளகாயிலும் மல்லியிலும் மண்ணும் பறவை எச்சமும் படுகின்றன. சால்மொனெல்லா கிருமி, ஈரமற்ற பொடியிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கக் கூடியது. இந்த வாயு மூட்டைக்குள் ஊடுருவி, நிறத்தையும் மணத்தையும் பெரிதும் கெடுக்காமல் கிருமிகளைக் கொன்றுவிடுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்ட அந்த வாயு, பிற்பாடு பெரும்பாலும் ஆவியாகிவிட்டாலும், உணவிலுள்ள குளோரைடுடன் வினைபுரிந்து 2-குளோரோஎத்தனாலாக மாறித் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டையும் சேர்த்தே நறுமணப் பொருள்களுக்குக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என வரம்பிட்டிருக்கிறது; அமெரிக்காவோ வாயுவுக்கு 7 மில்லிகிராமும், அதன் விளைபொருளுக்கு 940 மில்லிகிராமும் அனுமதிக்கிறது. ஆகவே, ஒரே ஆலையின் ஒரே பொடி நியூயார்க் துறைமுகத்தில் இறங்கலாம், ஐரோப்பாவின் ராட்டர்டாமில் திருப்பி அனுப்பப்படலாம்.

சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் செல்லும் சரக்குகளுக்கு இந்திய நறுமணப் பொருள் வாரியம் அதே ஆண்டில் கட்டாயச் சோதனையைக் கொண்டுவந்தது. அது தேவையான நடவடிக்கைதான். ஆனால் பொட்டலம் கட்டி முடித்த பின் செய்யும் சோதனை சரக்கைத் தடுக்குமே தவிர, குறை எங்கே நுழைந்தது என்று காட்டாது. கலவையில் நூற்றுக்கு இரண்டு பங்கே சேரும் ஒரு பொருளின் மாசு, மற்றவற்றோடு கலந்து நீர்த்துப்போய்ச் சோதனைக்குத் தப்பிவிடவும் கூடும். கொள்முதல் செய்யும் ஒவ்வொரு மூட்டைத் தொகுதிக்கும் எண் கொடுத்து, அரைப்பதற்கு முன்பே மாதிரி எடுத்துச் சோதித்து, அந்த எண் பொட்டலம் வரை தொடர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கிருமி நீக்கத்துக்கு நீராவியே மேலானது. பொடியில் நீராவி பட்டால் கட்டிதட்டும். அதனால் முழு மிளகாகவும் முழு மல்லியாகவும் இருக்கும்போதே நீராவி காட்டி, உலர்த்தி, பிறகு அரைக்க வேண்டும். மணத்தில் சிறிது இழப்பு உண்டு, செலவும் கூடுதல். பெரிய நிறுவனங்கள் அதைத் தாங்கிக்கொள்ளும். மகளிர் குழுக்களும் சிறு அரைவை ஆலைகளும் அந்த இயந்திரத்தை வாங்கவே முடியாது. வாரியம் சிவகங்கையிலும் குண்டூரிலும் அமைத்துள்ள நறுமணப் பொருள் பூங்காக்களில், குறைந்த அளவுச் சரக்குக்கும் கூலிக்கு நீராவி காட்டிக் கொடுக்கும் ஏற்பாடு எல்லோருக்கும் எட்டும்படி இருந்தால், வாயுவை நாட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இராது. அப்படிச் செய்த பொடி நம் ஊர்க் கடைகளுக்கும் ஏற்றுமதிக்கும் ஒரே தரத்தில் போக வேண்டும்.